அக்காவின் விசா தம்பிக்குச் செல்லாது

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்கு ஜெர்மனி அவ்வளவு தூரத்து நாடாகத் தோன்றாது. டைம்லர் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலை அங்கே 2012-லிருந்து ஓடுகிறது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் சென்னை ஐஐடி தொடங்கிய நாளிலிருந்தே அந்த நாட்டுக்கும் தமிழ்நாட்டின் பொறியியல் படிப்புக்கும் உறவு உண்டு. வாலாஜாபாத், அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கத்துத் தறி வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் பெண்ணும் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு அங்கே படித்துவரக் கனவு காணலாம். அப்படிப் போகும் பிள்ளைக்குக் கல்லூரி, தூதரகம், வங்கி என்று மூன்று இடங்களில் தாள்களைச் சரிபார்க்கிறார்கள். ஆனால் கோடை விடுமுறையில் அக்காவைப் பார்த்துவிட்டு நாலு நாடு சுற்றிவரக் கிளம்பும் தம்பியின் பயணம் வீட்டுக்குள் நடக்கும் வாட்ஸ்அப் பேச்சிலேயே முடிவாகிவிடுகிறது. அக்கா அங்கே இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்பதுதான் அந்தப் பயணத்தின் ஒரே ஏற்பாடு. சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் முளைக்கின்றன என்பது என் வாதம். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது குடும்பத்தின் கணக்கு. எல்லையில் நிற்கும் காவலருக்கு அவர்கள் இரண்டு தனி ஆட்கள். அந்த இருவரில் உரிமை குறைந்தவர், விருந்தாளியாக வந்தவர்.

இருவர் கையிலும் உள்ள தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஜெர்மனியில் படிக்கும் மாணவிக்கு நீண்டகால விசாவும் பிறகு தங்கும் அனுமதி அட்டையும் உண்டு. அதை வைத்துக்கொண்டு, பொது விசா முறையுள்ள மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை அவர் சுற்றலாம். 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலையும் செய்யலாம். தம்பிக்குக் கிடைப்பது குறுகியகால விசா. அதிலும் 90 நாள் என்பது உச்சவரம்புதான். விசாவில் 15 நாள் என்று அச்சிட்டிருந்தால் 15 நாள்தான். போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். அக்கா பகுதிநேரமாக வேலை செய்யும் உணவகத்தில் இரண்டு நாள் கூட நின்று உதவினால்கூட அது சட்டவிரோத வேலை. எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது, எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டம். ஷெங்கன் பகுதியில் இன்று 29 நாடுகள் இருக்கின்றன. பிரிட்டனும் அயர்லாந்தும் அதில் இல்லை. ஒருமுறை நுழைவு விசாவோடு பாரிஸிலிருந்து லண்டனுக்குப் போய்விட்டால், பிரிட்டன் விசா தனியாகக் கையில் இருந்தாலும், திரும்பி உள்ளே வர முடியாது. அக்கா ரயிலேறிவிடுவாள், தம்பி அங்கேயே நிற்பான். சில நேரம் இது தலைகீழாகவும் நடக்கும். மாணவியின் நீண்டகால விசா முடிந்து, அட்டை இன்னும் வராமல், இடைக்காலச் சான்று மட்டும் கையில் இருக்கும் வாரங்கள் உண்டு. அந்தச் சான்றை நம்பி அடுத்த நாட்டுக்குப் போகக் கூடாது. அப்போது தம்பி சுற்றலாம், அக்காதான் வீட்டில் இருக்க வேண்டும்.

‘ஷெங்கனுக்குள் எல்லையே கிடையாதே, யார் பார்க்கப்போகிறார்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. பழைய தகவல் அது. ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவின் வெளி எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையையும் முகத்தையும் பதிவுசெய்யும் கணினி முறை படிப்படியாக வந்திருக்கிறது. முத்திரை மங்கிப்போய் நாட்கணக்கு தப்பிய காலம் முடிந்தது. ஒருநாள் கூடுதலாகத் தங்கினாலும் கணினி சொல்லிவிடும். அடுத்த விசாவின்போது அந்த ஒருநாளுக்கு விளக்கம் கேட்பார்கள்.

விசா கிடைப்பதே முதல் கண்டம். 2024-ல் இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவுக்குச் சுமார் 11 லட்சம் விண்ணப்பங்கள் போயின. அவற்றில் ஏறக்குறைய 1.65 லட்சம் மறுக்கப்பட்டன. பெரியவருக்கான கட்டணம் 90 யூரோ. மறுத்தால் திரும்ப வராது. இதற்குமேல் விண்ணப்ப மையம் வாங்கும் சேவைக் கட்டணம் விசா கட்டணத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய விசா விதி. லவுஞ்ச், எஸ்.எம்.எஸ்., கூரியர் போன்ற கூடுதல் வசதிகள் நம் விருப்பம்தான், கட்டாயமில்லை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்கப்போகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எந்தத் தூதரகத்தில் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போடு என்ற யோசனை மறுப்பில் முடியக்கூடும். ஊருக்குத் திரும்பிவருவான் என்று அதிகாரி நம்ப வேண்டும் என்பதுதான் இளைஞர்களுக்குப் பெரிய தடை. சம்பளச் சீட்டும் ஐ.டி. ரிட்டர்னும் இல்லாத நெசவுக் குடும்பம் இங்கே தன்னைத் தானே குறைத்து மதிப்பிட்டுக்கொள்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் கூலி வரவு வைத்த பாஸ்புக், சங்கம் எழுதித்தரும் கடிதம், வங்கிக் கணக்கில் மாதாமாதம் தெரியும் வரவு, வீட்டு வரி ரசீது, தம்பியின் கல்லூரிச் சான்று எல்லாமே வருமானத்துக்கும் ஊரோடுள்ள பிடிப்புக்கும் ஆதாரங்கள்தாம். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் யாரோ கணக்கில் போட்டுவைக்கும் இரண்டு லட்சத்தைவிட, இரண்டு வருடமாகச் சின்னச் சின்னதாக வந்த கூலிப் பணம் நம்பும்படி இருக்கும்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அக்கா பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதியிருப்பார்கள்; தம்பிக்கு எடுக்கும்போது அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். ஓர் ஆவணத்தில் அப்பா ‘ஏகாம்பரம்’, இன்னொன்றில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. வெளிநாட்டு அதிகாரி பார்வையில் இவர்கள் உடன்பிறந்தவர்கள் என்று சொல்ல எதுவுமே இல்லை. இதைக் கற்பனைப் பயம் என்று ஒதுக்க முடியாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகுதான் தளர்த்தியது. துபாய் வழியாக ஐரோப்பா போகும்போது இரண்டு நாள் அங்கே இறங்கிப் பார்க்க நினைத்த குடும்பத்துக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும்! உறவை நிரூபிக்க நல்ல ஆவணம் இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள். தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பு தேவைப்படும். வெளிநாட்டு அலுவலகம் கேட்டால், ஆவணம் அசல்தான் என்று சான்று சொல்லும் அப்போஸ்டில் முத்திரையும் பெற வேண்டும். இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2005 முதல் இருக்கிறது. தம்பிக்கு 18 வயது ஆகவில்லையென்றால் தாய் தந்தை இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும் வேண்டும்.

அழைப்புக் கடிதம் எழுதித்தரும் அக்காவுக்கும் ஓர் எச்சரிக்கை. நான் அழைக்கிறேன், என் அறையில் தங்குவான் என்று எழுதும் சாதாரணக் கடிதம் வேறு; ஜெர்மனியின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் முறைப்படி கையெழுத்திடும் பொறுப்பேற்பு உறுதிமொழி வேறு. இரண்டாவதில் கையெழுத்துப் போட்டால், விருந்தாளியின் சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம் ஆகியவற்றுக்கு அரசு செலவிட நேர்ந்த பணத்தை ஐந்தாண்டு வரை கையெழுத்திட்டவரிடம் வசூலிக்கலாம். பகுதிநேர வேலையில் காலம் தள்ளும் மாணவி இந்தச் சுமையைத் தூக்கக் கூடாது. பயணச் செலவுக்குப் பெற்றோரின் கணக்கையோ தம்பியின் கணக்கையோ காட்டுவதே சரி. கூடப்பிறந்தவனுக்கு ஒரு கையெழுத்துப் போட மாட்டாயா என்ற பேச்சு வீட்டில் எழலாம். பாசத்தைக் காட்ட வேறு வழிகள் இருக்கின்றன.

இனி ஏஜென்ட். மாணவர் பரிமாற்றம் என்பது இரண்டு கல்வி நிறுவனங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். பெரும்பாலும் சொந்தக் கல்லூரியில் கட்டும் கட்டணமே போதும். நடுவில் இன்னொருவருக்கு வேலையில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் 1983-ன் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். படிப்புக்கும் சுற்றுலாவுக்கும் வழிகாட்டும் கன்சல்டன்சிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ‘அரசுப் பதிவு பெற்றது’ என்ற பலகையைப் பார்த்தால், எதற்கான பதிவு என்று கேட்க வேண்டும். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்பவர்களுக்கு 2023-ல் கனடாவில் நடந்ததே பதில். போலிச் சேர்க்கைக் கடிதத்தால் சுமார் 700 இந்திய மாணவர்கள் நாடு கடத்தப்படும் நிலையில் இருப்பதாகச் செய்திகள் வந்தன. கடிதம் போலி என்பதே தெரியாமல் படித்து முடித்துவிட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஏமாற்றியவர் யாராக இருந்தாலும், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷெங்கன் விசாப் பதிவுகள் ஐந்தாண்டு கணினியில் இருக்கும். ஒரு தூதரகத்தில் கொடுத்த போலி பேங்க் ஸ்டேட்மென்ட்டின் கதையை மற்ற தூதரகங்களும் படிக்கும்.

பணம் வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்யாவிட்டால் வழி இருக்கிறது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஏஜென்சி டெல்லியில் இருந்தாலும் நாம் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்குமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். பாக்கித் தொகைக்காகப் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைத்துக்கொள்ள எந்த ஏஜென்டுக்கும் உரிமையில்லை. 1967-ன் பாஸ்போர்ட் சட்டம் அதை மத்திய அரசின் சொத்து என்கிறது. தர மறுத்தால் காவல் நிலையத்துக்குப் போகலாம். இதெல்லாம் நடக்க ரசீது வேண்டும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு நம்பிக்கையை மட்டும் வாங்கிவந்தால் எந்த ஆணையமும் உதவ முடியாது.

பயணத்தில் அக்காவுக்கு மாணவர் மருத்துவக் காப்பீடு உண்டு. தம்பிக்கு அது செல்லாது. அவருக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்குத் தனிக் காப்பீடு எடுத்தால்தான் விசாவே வரும். ஏற்கெனவே ஆஸ்துமாவோ சர்க்கரையோ இருந்தால் மறைக்காமல் எழுத வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கிளைமை மறுத்தால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பெட்டியிலும் கவனம் தேவை. அம்மா கொடுத்தனுப்பும் வெண்ணெய் காய்ச்சிய நெய்க்கும் பால்பொருட்களுக்கும் இறைச்சிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதியில்லை. கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும். ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, வாழைப்பழமும் தேங்காயும் அதில் சேரும். விமானத்தில் வருகிறவர் 430 யூரோ மதிப்பு வரைதான் வரியில்லாமல் பொருள் கொண்டுபோகலாம். அக்காவின் பேராசிரியைக்கு அசல் ஜரிகைப் பட்டுப்புடவை எடுத்துப்போகிறவர்கள் பில்லைக் கூடவே வைத்திருக்கட்டும். பெட்டி உடைந்து வந்தால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். ஐரோப்பாவிலிருந்து சென்னைக்குத் திரும்பும் விமானம், நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரமோ மேலுமோ தாமதமாக வந்து சேர்ந்தால் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். விசா சரியில்லாமல் விமானத்தில் ஏற்றவில்லை என்றால் அந்த உரிமை கிடையாது.

இத்தனை விதிகளைச் சொன்னால் எளிய குடும்பங்கள் பயந்து பிள்ளைகளை அனுப்பாமலே விட்டுவிடுமே என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதி தெரியாதவருக்குத்தான் மறுப்புக் கடிதம் கடைசித் தீர்ப்பாகத் தெரியும். காரணத்தை எழுத்தில் பெறுவது விண்ணப்பதாரரின் உரிமை. தூதரகத்துக்கே மறுபரிசீலனை மனு எழுதும் வழியை ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் மூடிவிட்டது. ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றம் போகலாம், அல்லது குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டாவதே நடக்கக்கூடியது. ஆகவே இனி மறுபரிசீலனைக் கடிதம் எழுதித்தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். போன இடத்தில், ஐரோப்பாவில் ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 112. கைதானால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்பது 1963-ன் வியன்னா உடன்படிக்கை தந்த உரிமை. அதைத் தம்பியே வாய்திறந்து கேட்க வேண்டும். ஊரிலிருக்கும் பெற்றோர் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்திலும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையிடமும் முறையிடலாம்.

அக்காவுக்கு விசா வந்த அன்றே தம்பியின் பாஸ்போர்ட்டையும் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரே மேசையில் விரித்துவையுங்கள். பெற்றோர் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால், விமான டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன் அதைத் திருத்த விண்ணப்பித்துவிடுங்கள்.