சுவரில் விரிசலா? பூசி மறைக்கும் முன் இதைப் படியுங்கள்!

சென்னை நகரில் விரிசல் விடாத வீடு உண்டா? தேடித்தான் பார்க்க வேண்டும்!

தீபாவளிக்கு வெள்ளையடிக்க வேண்டும், பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்ற பேச்சு வரும்போதுதான் சுவரில் உள்ள கீறல்கள் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. உடனே என்ன செய்கிறோம்? "கொஞ்சம் சிமெண்ட் வச்சு இழுத்து விடுப்பா" என்கிறோம். கொத்தனாரும் இழுத்து விடுகிறார். மேலே பெயிண்ட். வீடு பளபள!

அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே விரிசல் பல்லை இளிக்கிறது.

குடித்தனக்காரர் போய்ச் சொன்னால் வீட்டுக்காரர், "சின்ன வெடிப்புதானே சார், நீங்களே பாத்துக்குங்க" என்கிறார். நாமே ஆளைக் கூப்பிட்டால், அரை நாள் வேலைக்கு யார் வருவார்கள்?

சின்ன விரிசலையும் ஆணி ஓட்டையையும் நாமே சரி செய்யலாம். கஷ்டமான வேலை அல்ல. ஆனால் எது சின்ன விரிசல், எது ஆபத்தான விரிசல் என்று முதலில் தெரிய வேண்டும்.

24 வீடுகள் தரைமட்டம்!

2021-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டம்! ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்ததும் குடியிருந்தவர்கள் வெளியேறி விட்டதுதான் காரணம்.

'காலையில பாத்துக்கலாம்' என்று அங்கேயே இருந்திருந்தால்? நினைத்தாலே குலை நடுங்குகிறது.

எல்லா விரிசலும் அப்படி அல்ல. சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் பூச்சு காயும்போது வருபவை. அவற்றால் கட்டடத்துக்கு ஆபத்து இல்லை. செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் இடத்தில் நேர்கோடாக வரும் வெடிப்பும் சாதாரணம்தான். வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அதனால் இடையில் பிளக்கிறது.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், படிக்கட்டு மாதிரி செங்கல் வரிசையோடு இறங்கும் விரிசல், சுவரின் இரண்டு பக்கமும் தெரியும் விரிசல், விரல் நுனி நுழையும் விரிசல்... இவற்றைக் கண்டால் உஷார்! கதவு திடீரென்று நிலையில் இடித்தாலும் உஷார்! அஸ்திவாரம் அசைந்திருக்கலாம். பூசக் கூடாது. என்ஜினீயரைத்தான் கூப்பிட வேண்டும்.

காசில்லாத பரிசோதனை

சந்தேகமா? ஒரு பென்சில் போதும். விரிசலின் இரண்டு நுனியிலும் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியை எழுதுங்கள். விரிசலின் குறுக்கே ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்து ஒட்டுங்கள். சில வாரம் கவனியுங்கள்.

கோட்டைத் தாண்டவில்லை, காகிதமும் கிழியவில்லை என்றால் விரிசல் வளரவில்லை என்று அர்த்தம். தைரியமாக அடைக்கலாம். கோட்டைத் தாண்டிப் போனாலோ, காகிதம் கிழிந்தாலோ காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கை வைக்காதீர்கள்.

அடைப்பது எப்படி?

பலர் செய்யும் தவறு, கீறல் மேலேயே பட்டியை இழுத்து விடுவது. அது உள்ளே போவதில்லை. ஒட்டுவதும் இல்லை.

கூரான கம்பியாலோ பழைய ஸ்குரூடிரைவராலோ கீறலைக் கீறிக் கொஞ்சம் அகலமாக்குங்கள். ஆடுகிற பூச்சையெல்லாம் உதிர்த்து விடுங்கள். 'அய்யோ, ஓட்டை பெரிசாகுதே' என்று பயப்பட வேண்டாம். உதிர வேண்டியது உதிர்ந்தால்தான் புதுசு பிடிக்கும்.

பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். தூசி மேல் எதுவும் ஒட்டாது. பிறகு தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த சுவர் கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். கலவை வெறும் பொடியாகிக் கொட்டும்.

கீறலுக்கும் ஆணி ஓட்டைக்கும் கடையில் விற்கும் ஒயிட் சிமெண்ட் பட்டி போதும். தகட்டால் அழுத்தி உள்ளே தள்ளுங்கள். காய்ந்தால் சுருங்கும் என்பதால் சற்று மேடாகவே விடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குங்கள்.

பிளாஸ்டர் ஆப் பாரிஸும் நல்லதுதான். ஆனால் கரைத்த சில நிமிடங்களில் இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். குளியலறையிலும் ஓதம் ஏறும் சுவரிலும் அது வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் ஊறி உதிரும்.

உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்திருந்தால் பட்டி தாங்காது. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு சலித்த மணல் கலந்து, இரண்டு தடவையாகப் பூச வேண்டும். மணியாசுக் கட்டையால் தேய்த்துச் சமமாக்கி, 7 நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். இந்தத் தண்ணீர்தான் பலம். "ரெண்டு நாள் போதும் சார்" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

தூணும் சுவரும் சேரும் இடத்தில் கலவை மட்டும் நிற்காது. பூச்சைக் கொத்தி எடுத்து, கோழிவலைக் கம்பியை இரண்டு பக்கமும் பிடிக்கும்படி அடித்து, அதன்மேல் பூச வேண்டும்.

ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் கொத்தும்போது மெயினை அணைத்து விடுங்கள். உள்ளே ஒயர் ஓடும்!

பழைய வீட்டுக்குச் சிமெண்ட் எதிரி

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பக்கம் இன்னும் சுண்ணாம்புக் காரை வீடுகள் நிற்கின்றன. சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்துப் பூசிய காலத்து வீடுகள். கிளிஞ்சல் சுண்ணாம்பை மெருகேற்றிய மதராஸ் பூச்சு, சலவைக்கல் மாதிரி மின்னும் என்று வெள்ளைக்காரர்களே வியந்தார்கள்.

இந்தச் சுவரில் சிமெண்டை வைத்து அடைத்தால் என்ன ஆகும்? சுண்ணாம்பு மெத்தென்றது. உள்ளே ஏறும் ஈரத்தை மெல்ல வெளியே விடும். சிமெண்ட் இறுகியது. ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். ஈரமும் உப்பும் பக்கத்துக் காரையைத் தின்னும். கொஞ்ச நாளில் சிமெண்ட் ஒட்டு, சுற்றியுள்ள பழைய காரையையும் பெயர்த்துக்கொண்டு விழும். ஒரு சாண் ஓட்டை ஒரு முழம் ஆகும்!

சுவரை ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக எளிதில் உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாகக் கெட்டியாக இருந்தால் சிமெண்ட். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். நன்றாக ஊறிய சுண்ணாம்பு, சலித்த மணல். மெல்ல மெல்ல, வரி வரியாகப் பூச வேண்டும். நாள் பிடிக்கும். ஆனால் நிற்கும்.

அண்ணாந்து பாருங்கள்!

சுவரை விட ஆபத்து தலைக்கு மேலே இருக்கிறது.

கான்கிரீட் கூரையில் பழுப்பு நிறத்தில் கோடு கோடாகக் கறை தெரிகிறதா? உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்து நெம்பி, அடியில் உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். உப்புக் காற்று அடிக்கும் கடலோர ஏரியாக்களில் இது அதிகம்.

இதைப் பட்டி வைத்து மறைப்பது மகா தவறு. மேலே பார்க்க அழகாக இருக்கும். உள்ளே கம்பி கரைந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் கட்டிலின் மேலோ தொட்டிலின் மேலோ பாளம் பாளமாக விழும்!

ஒரு கம்பால் கூரையை லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் பிழைத்தீர்கள். காலிப் பானை மாதிரி 'டொப் டொப்' என்றால் அந்த இடம் கழன்று நிற்கிறது. அதற்கு நேர் கீழே நின்று தட்டாதீர்கள். அங்கே கட்டில் இருந்தால் முதலில் இடம் மாற்றுங்கள்.

தளர்ந்ததை எல்லாம் தட்டி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத் தடுப்பு பூசி, அதற்கென்று உள்ள கலவையால் மூட வேண்டும். அனுபவமுள்ள ஆள் செய்ய வேண்டிய வேலை இது. மாடியில் தண்ணீர் தேங்கிக் கசிந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும்.

மர உத்திரம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகினால், சிலர் மேலே மேலே தளம் போட்டுக்கொண்டே போகிறார்கள். அத்தனை பாரமும் உத்திரத்தின் தலையில்! உத்திரத்தின் நுனி சுவருக்குள் உளுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். உத்திரம் தொய்ந்தாலோ, அதை ஒட்டிப் புது வெடிப்பு கண்டாலோ, அறையைக் காலி செய்துவிட்டு ஆளை அழைக்க வேண்டும்.

ஐப்பசி மழை கொட்டும்போது எந்தப் பூச்சும் காயாது. அதற்கு முன்பே வேலையை முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் டி.வி.யைப் போடும் முன் லைட்டைப் போடுங்கள். ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். முதலில் குழந்தைகள் படுக்கும் இடத்துக்கு மேலே!