சுவாமிநாதன் சொல்லித்தந்த ஆங்கிலம்

மும்பையில் மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்கு மாறும் நம் பிள்ளைகள் படும் பாட்டை தாராவிப் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று வாயடைத்துப் போகிறான்.

"சார், இவன் ஸ்கூலுக்கே போகமாட்டேங்கிறான். நீங்கதான் புத்தி சொல்லணும்" என்று ஒரு தாய் தம் மகனைக் கையோடு அழைத்து வந்தார். அவனையும் சேர்த்து பன்னிரண்டு பிள்ளைகளுடன் என் ஞாயிறு வகுப்பு தொடங்கியது.

முதலில் நான் தவறு செய்தேன். ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சார்லஸ் லாமும் அவர் அக்கா மேரி லாமும் சிறுவர்களுக்காகக் கதைகளாக எழுதிய நூலைக் கையிலெடுத்தேன். நான் படித்து வளர்ந்த நூல். ஆனால் 1807-இல் வெளிவந்தது. வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் பிள்ளைகளுக்கு மறந்துவிடும். நான்கே வாரத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

பிறகுதான் ஆர்.கே. நாராயண் நினைவுக்கு வந்தார். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்தவர். 1935-இல் வெளிவந்த 'சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்' அவருடைய முதல் நாவல். எளிய சொற்கள், சிறிய வாக்கியங்கள். கண்டிப்பான அப்பா, செல்லம் கொடுக்கும் பாட்டி, திங்கட்கிழமை என்றாலே கசக்கும் பள்ளிக்கூடம். இதில் நம் பிள்ளைகளுக்குத் தெரியாதது எது? ஆங்கிலம் மட்டும்தானே!

நான் கையாண்ட முறை எளிது. அன்றைய காட்சியை முதலில் தமிழில் சுருக்கமாகச் சொல்வேன். பிறகு இரண்டு பக்கம் உரக்க வாசிப்பேன். சொல்லுக்குச் சொல் பொருள் கூறி நிறுத்த மாட்டேன். கதை நகர்ந்தால்தான் ஆவல் நிற்கும். கடைசியில் ஆளுக்கொரு பாத்திரமாக நடிப்பார்கள். இலக்கணத்துக்குத் தனியாக அரை மணி நேரம்.

விடுமுறையில் சுவாமிநாதனை அப்பா கணக்குப் போடச் சொல்லும் காட்சி வந்தது. மாம்பழ விலைக் கணக்கு. பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதை மட்டும் முன்கூட்டியே விளக்கினேன். சுவாமிநாதனுக்கோ விலையில் கவனம் இல்லை. பழம் பழுத்ததா, காயா என்பதே கவலை. வகுப்பே சிரித்தது. அந்த வாயடைத்த பையன் எழுந்து, "சார், வேர் த மாங்கோஸ் ரைப்?" என்று என்னையே கேட்டான். யாரும் கேட்காமல் அவனாகப் பேசிய முதல் ஆங்கில வாக்கியம் அது. மறுவாரம் அவன் தாய் வந்து, "இப்போ ஒழுங்காப் போறான் சார்" என்றார்.

பேரிலக்கியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஷேக்ஸ்பியர் காத்திருப்பார். பிள்ளைக்குத் தெரிந்த உலகத்திலிருந்து தொடங்குவோம்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் உதவலாம். "இன்னிக்கு என்ன கதை படிச்சே? எனக்குச் சொல்லு" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேளுங்கள். தமிழில் சொல்லட்டும். அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்பதற்காகவே மறுநாள் இன்னும் இரண்டு பக்கம் படிப்பான்.