துப்புத் தெரியாத துப்பறிவாளர்!

திருடன் பிடிபட்டான்!

பிடித்தவர் யார்? சாம்பு!

எப்படிப் பிடித்தார்? அது சாம்புவுக்கே தெரியாது!

இதுதான் துப்பறியும் சாம்புவின் கதை. ஒரு கதை அல்ல, ஐம்பது கதைகள். 1942-ம் ஆண்டில் "ஆனந்த விகடன்" வாரப் பத்திரிகையில் அவை வரத் தொடங்கின. எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் தஞ்சை, கும்பகோணம், மாயவரம் பக்கத்து வீடுகளில் சாம்புவின் பெயரைச் சொன்னால் போதும், பெரியவர்கள் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். "அந்தக் கதை ஞாபகம் இருக்கிறதா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அது அப்படி இல்லை" என்று இன்னொருவர் குறுக்கிடுவார். பிறகு காப்பி ஆறிப்போகும். பேச்சு ஓயாது.

இத்தனை பேரைச் சிரிக்க வைத்தவர் தஞ்சை மண்ணில் பிறந்தவர். அவர் பெயர் மகாதேவன். "தேவன்" என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும்.

விளாம்பழத் தலை

சாம்புவுக்கு வயது நாற்பது. தலை விளாம்பழம் போல இருக்கும். மூக்கு கருடன் மூக்கு. பாங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். "அசடு" என்று எல்லோரிடமும் பெயர் வாங்கியவர்.

அப்படிப்பட்டவர் துப்பறிவாளர் ஆகிவிடுகிறார். எங்கே நகை காணாமல் போனாலும் சாம்புவைக் கூப்பிடுகிறார்கள். அவருக்கோ ஒன்றும் புரிவதில்லை. பயத்தில் எதையாவது உளறுகிறார். ஓடப் பார்த்துத் தடுக்கி விழுகிறார். விழுந்த இடத்தில் திருடன் இருக்கிறான்! அல்லது திருட்டுப்போன பொருள் இருக்கிறது!

அடுத்து வருகிறவர் இன்ஸ்பெக்டர் கோபாலன். அவர் வந்தால்தான் கதை களைகட்டும். "அடடா! சாம்பு அந்த இடத்தில் ஏன் விழுந்தார் தெரியுமா?" என்று விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார். சாம்புவின் உளறலுக்கு ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பார். அவர் முழித்த முழிக்கும் ஒரு காரணம் சொல்வார். கேட்டவர்கள் வாய் பிளப்பார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சாம்பு உண்மையைச் சொன்னால், "என்ன அடக்கம்!" என்று அதற்கும் ஒரு பாராட்டு!

சாம்பு முட்டாளா?

ரசிகர்கள் கூடினால் சண்டை இந்த இடத்தில்தான் ஆரம்பம் ஆகும்.

"சாம்பு சுத்த அசடு. அதிர்ஷ்டம் அடித்தது, அவ்வளவுதான்" என்பார் தாத்தா.

"ஒரு தடவை அடித்தால் அதிர்ஷ்டம். ஐம்பது தடவையுமா அடிக்கும் தாத்தா? அவர் வேண்டுமென்றே அசடு மாதிரி நடிக்கிறார்" என்பாள் பேத்தி.

பாட்டி தனிக் கட்சி. "அசடு சாம்பு இல்லை. அந்த இன்ஸ்பெக்டர்தான். இல்லாத மூளையை இருக்கிறதென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாரே!"

மூன்று பேர் சொல்வதற்கும் கதைகளில் ஆதாரம் காட்டலாம். ஆனாலும் பாட்டியின் கட்சிதான் பலமான கட்சி. சாம்பு எந்தக் கதையிலும் தன்னை மேதை என்று சொல்லிக்கொள்வதில்லை. அவரை மேதை ஆக்குகிறவர்கள் சுற்றி இருப்பவர்கள்.

இதனால்தான் இந்தக் கதைகளை எத்தனை முறையும் படிக்க முடிகிறது. பொதுவாகத் துப்பறியும் கதை ஒரு முறைதான் ருசிக்கும். திருடன் யார் என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை எதற்குப் படிப்பது? சாம்பு கதையில் திருடன் யாராக இருந்தால் என்ன! முதல் தடவை படிப்பவர் சாம்புவைப் பார்க்கிறார். இரண்டாம் தடவை கோபாலனைப் பார்க்கிறார். மூன்றாம் தடவை, சாம்புவைப் புகழ வரிசையில் நிற்கும் பெரிய மனிதர்களைப் பார்க்கிறார். சிரிப்பு அங்கே இருக்கிறது.

இங்கிலாந்தின் ஷெர்லக் ஹோம்ஸ் 1887-ம் ஆண்டில் தோன்றியவர். வங்காளத்தின் பியோம்கேஷ் பக்ஷி 1932-ல் பிறந்தவர். இருவரும் மூளையால் வென்றவர்கள். தூர்தர்ஷனில் 1985-ல் கரம்சந்த் வந்தார். கேரட்டைக் கடித்துக்கொண்டே குற்றவாளியைக் கண்டுபிடித்தார். 1993-ல் பியோம்கேஷும் டெலிவிஷனுக்கு வந்தார். இந்தி தெரியாத வீடுகளில்கூட இவற்றை உட்கார்ந்து பார்த்தார்கள். அமெரிக்க டெலிவிஷனில் கொலம்போ என்று ஒரு போலீஸ் அதிகாரி. கசங்கிய கோட்டு, மறதிப் பேச்சு, பார்த்தால் அசடு. உள்ளே மகா கெட்டிக்காரர். சாம்பு அப்படியே தலைகீழ். ஊருக்கெல்லாம் கெட்டிக்காரர். உள்ளே அசடு!

தடுக்கி விழுந்தே துப்பறியும் இன்ஸ்பெக்டர் குளூசோவை மேல்நாட்டு சினிமா 1963-ல் காட்டியது. உலகமே சிரித்தது. சாம்பு அவருக்கு 21 வருஷம் மூத்தவர்.

திருவிடைமருதூர்ப் பிள்ளை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவிடைமருதூர். அங்கே மகாலிங்கசுவாமி கோயில் பிரசித்தி பெற்றது. அந்தக் கோயிலுக்கு ஒரு பழைய கதை உண்டு. வரகுண பாண்டியனின் குதிரை மிதித்து ஓர் அந்தணர் இறந்துவிட்டார். பிரம்மஹத்தி அரசனைப் பிடித்துக்கொண்டது. போகிற இடமெல்லாம் பின்தொடர்ந்தது. அரசன் இந்தக் கோயிலுக்குள் கிழக்கு வாசல் வழியாக நுழைந்தான். பிரம்மஹத்தி வாசலிலேயே நின்றுவிட்டது. அரசன் மேற்கு வாசல் வழியாக வெளியேறிவிட்டான்! வந்த வழியே திரும்பக்கூடாது என்ற வழக்கம் அங்கே இன்றும் உண்டு. துரத்தல், தப்பித்தல், வேறு வாசல் என்று துப்பறியும் கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது!

இந்த ஊரில்தான் 1913 செப்டம்பர் 8-ந் தேதி தேவன் பிறந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பி.ஏ. படித்தார். கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். 1934-ல், 21-வது வயதில், ஆனந்த விகடனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அப்போது அங்கே ஆசிரியராக இருந்தவர் கல்கி. அவரும் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர்.

1942-ல் தேவன் விகடனின் நிர்வாக ஆசிரியர் ஆனார். அதே வருஷம் சாம்பு பிறந்தார். அது யுத்த காலம். குண்டு விழும் என்று பயந்து ஜனங்கள் சென்னையைக் காலி செய்துகொண்டு போன வருஷம். காகிதத்துக்கும் பஞ்சம். அந்த நேரத்தில்தான் ஒரு விளாம்பழத் தலையர் வாரந்தோறும் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தார்.

தேவன் சிரிப்புக் கதை மட்டும் எழுதியவர் அல்ல. "ஜஸ்டிஸ் ஜகந்நாதன்" என்ற நாவலில் ஒரு கொலை வழக்கையே கோர்ட்டு விசாரணையாக நடத்திக் காட்டினார். "கோமதியின் காதலன்" 1955-ல் சினிமாவாக வந்தது. "மிஸ்டர் வேதாந்தம்" பின்னாளில் டெலிவிஷன் தொடராகியது.

1957 மே 5-ந் தேதி தேவன் காலமானார். வயது 43 தான்.

பார்க்காத புத்தகம்

இங்கே ஒரு வருத்தமான விஷயம் உண்டு. விகடனில் 23 வருஷம் எழுதிக் குவித்தார் தேவன். ஆனால் அவருடைய தொடர்கதைகள் அவர் உயிரோடு இருந்தபோது புத்தகமாக வரவில்லை. பத்திரிகையில் வந்ததோடு சரி. செய்யாத காரியத்துக்கெல்லாம் சாம்புவுக்குப் பாராட்டு வாங்கிக் கொடுத்தவர், தான் செய்த காரியத்தைப் புத்தகமாகக் கையில் எடுத்துப் பார்க்காமலே போய்விட்டார்.

வாரப் பத்திரிகை என்றால் என்ன ஆகும்? அடுத்த வாரம் பழசாகிவிடும். கடையில் பொட்டலம் மடிக்கப் போய்விடும். சாம்புவும் அப்படிப் போயிருப்பார். போகவில்லை. காரணம், வீடுகளில் இருந்த ரசிகர்கள்.

ரயிலில் விகடன் வந்து இறங்கும். வீட்டில் ஒருவர் உரக்கப் படிப்பார். திண்ணையில் உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் சாம்புவைத் தெரிந்தது அப்படித்தான். படித்து முடித்ததும் கதைப் பக்கங்களைப் பத்திரமாகப் பிரித்து எடுப்பார்கள். வரிசையாக அடுக்குவார்கள். தொடர் முடிந்ததும் கட்டு பைண்டரிடம் போகும்.

பைண்டர் பக்கங்களைத் தட்டி ஒழுங்கு செய்வார். நூல் கோத்துத் தைப்பார். மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார். பூச்சி வராமல் இருக்க அந்த ஏற்பாடு. அட்டை வைத்து, முதுகில் காலிகோ ஒட்டினால் புத்தகம் தயார்! பதிப்பாளர் போடாத புத்தகம். ஊரில் அந்த ஒரு பிரதிதான்.

அதைக் காப்பாற்றுவது லேசா? காவிரிக் கரையில் ஐப்பசி அடைமழை. சுவரெல்லாம் ஈரம். கறையான் ஒரு பக்கம், ராமபாணப் பூச்சி ஒரு பக்கம். தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளுக்குப் பூச்சி வராமல் வசம்பு சேர்த்த பொடி வைப்பது உண்டு. அதே வசம்பு வீட்டுப் பெட்டிக்குள்ளும் போயிற்று. வெயில் காலத்தில் வால்யூம்கள் பரணிலிருந்து இறங்கும். தூசி தட்டும் சாக்கில் மறுபடியும் ஒரு தடவை படிப்பும் நடக்கும்.

பின்னால் தேவனின் நூல்கள் அச்சில் வந்தன. மயிலாப்பூர் அல்லயன்ஸ் கம்பெனி அவற்றை வெளியிட்டது. இன்று கடையில் சாம்பு கிடைக்கிறார். ஆனாலும் பழைய பைண்டு வால்யூம் வைத்திருப்பவர்கள் அதைக் கொடுக்க மாட்டார்கள். காரணம் கேட்டால் படங்கள் என்பார்கள்.

யார் வரைந்த சாம்பு?

முதலில் சாம்புவுக்குப் படம் போட்டவர் ஓவியர் ராஜு. பிறகு கோபுலுவும் சாம்புவை வரைந்தார். சாம்புவைச் சித்திரக்கதையாகவும் ஆக்கினார்.

கோபுலு தஞ்சாவூரில் 1924-ல் பிறந்தவர். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். தியாகராஜ சுவாமிகள் பூஜித்த ராம பட்டாபிஷேகப் படம் தஞ்சையில் ஒரு வீட்டில் இருந்தது. அதைப் பார்த்து வரைந்து தரும்படி ஓவியர் மாலி அவரிடம் சொன்னார். 1941 தீபாவளி மலருக்காக அதை வரைந்ததே அவருக்கு விகடன் வாசலைத் திறந்தது. 2015-ல், 90-வது வயதில் காலமானார்.

எழுதியவர் திருவிடைமருதூர், வரைந்தவர் தஞ்சாவூர். சாம்புவை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைப்பதில் அதிசயம் என்ன!

நாடக மேடையில் நடராஜன் என்ற நடிகர் சாம்புவாக நடித்தார். கடைசிவரை அவருக்கு "சாம்பு நடராஜன்" என்றே பெயர். டெலிவிஷன் தொடரில் காத்தாடி ராமமூர்த்தி சாம்பு ஆனார். "மூக்கு சரியாக இல்லை" என்று சில பெரியவர்கள் குறை சொன்னார்கள். சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் பெட்டி முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

சாம்புவுக்கு முன்னால்

காவிரிக் கரைக்குத் துப்பறியும் கதை புதிது அல்ல. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில் வடுவூர் இருக்கிறது. கோதண்டராமர் கோயிலும் பறவைகள் வந்து தங்கும் பெரிய ஏரியும் உள்ள ஊர். வடுவூர் துரைசாமி ஐயங்கார் அந்த ஊர்க்காரர். மர்ம நாவல் எழுதுவதில் மன்னர். மேல்நாட்டு நாவல்களைத் தழுவி, கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் நடக்கிற மாதிரி எழுதிவிடுவார். அவருடைய "மேனகா" 1935-ல் படமாக வந்தது. "திகம்பர சாமியார்" 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தது. எம்.என்.நம்பியார் அதில் 11 வேடம் போட்டார். வில்லன் நம்பியாரைத் துப்பறிவாளராகப் பார்க்க வேண்டுமானால் அந்தப் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

திகம்பர சாமியார் எதையும் அறிந்தவர். பல வேஷம் போட்டு எதிரியை மடக்குவார். சாம்புவுக்கு வேஷமே தேவை இல்லை. மற்றவர்கள்தான் அவருக்கு வேஷம் போட்டு விடுகிறார்களே! துரைசாமி ஐயங்கார் காலமானதும் 1942-ம் ஆண்டில்தான். ஒருவர் போன வருஷம் இன்னொருவர் வந்தார்.

பழைய பைண்டு வால்யூம்களில் ஒரு சங்கடம் உண்டு. நடுவில் ஒரு பக்கம் இருக்காது. பூச்சி தின்றிருக்கும். அல்லது எந்தக் காலத்திலோ ஒரு குழந்தை கிழித்திருக்கும். திருடன் பிடிபடும் இடம் பார்த்து அந்தப் பக்கம் போயிருக்கும்!

அச்சுப் புத்தகத்தைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. "நான் சொல்கிறேன் கேள்" என்று தாத்தா ஆரம்பிப்பார். சாம்பு மாடிப்படியில் உருண்டு விழுந்ததாகச் சொல்வார். "படி இல்லை, கிணற்றடி" என்பார் சின்னத் தாத்தா. அடுக்களையிலிருந்து பாட்டியின் குரல் வரும்: "இரண்டும் இல்லை. நான் வந்து சொல்கிறேன், இருங்கள்!"