‘வேட்டை’: யுத்தத்தின் பெயரை உச்சரிக்காத ஒரு யுத்தத் திரைப்படம்

1964ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாடெங்கும் ‘25 ஆண்டு காலச் சமாதானம்’ என்ற பெயரில் அரச விழாக்கள் நடத்தப்பட்டன. 1936 ஜூலையில் ஆரம்பித்து 1939 ஏப்ரல் முதலாம் திகதி முடிவுற்ற உள்நாட்டு யுத்தத்தில் வெற்றி பெற்ற ஜெனரல் பிராங்கோவின் ஆட்சி, தனது கால் நூற்றாண்டைக் கொண்டாடிய தருணம் அது. சுமார் 5 இலட்சம் உயிர்களைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படும் அந்த யுத்தத்தில் தோற்ற தரப்பினரின் துயரத்துக்கு அவ்விழாக்களில் இடமிருக்கவில்லை.

இவ்விழாக்களின் ஆரவாரம் அடங்கிய மறு ஆண்டில் படமாக்கப்பட்டு, 1966இல் வெளிவந்ததே கார்லோஸ் சௌராவின் ‘வேட்டை’ (லா காஸா) என்ற கறுப்பு வெள்ளைத் திரைப்படம். யுத்தம் தொடங்கியபோது சௌராவுக்கு வயது நான்கு. குடியரசுத் தரப்பின் நகரங்களில் குண்டு வீச்சுகளுக்கிடையே வளர்ந்த அவர், யுத்தம் முடிந்ததும் வென்ற தரப்பை ஆதரித்த உறவினர்களிடம் அனுப்பப்பட்டார். பிளவுபட்ட நாட்டின் இரு பக்கங்களையும் சிறு வயதிலேயே கண்டவர் அவர் எனலாம்.

படத்தின் கதை மிக எளிமையானது. கோடையின் கடும் வெயிலில், ஒரு வறண்ட பள்ளத்தாக்குக்கு நால்வர் முயல் வேட்டைக்குச் செல்கின்றனர். ஹோசே, பாக்கோ, லூயிஸ் ஆகிய மூவரும் யுத்தத்தில் பிராங்கோவின் பக்கம் நின்று போரிட்ட பழைய தோழர்கள். நான்காமவன் யுத்தத்தைக் கண்டறியாத இளைஞனான என்ரிக்கே. கடனில் மூழ்கியுள்ள ஹோசே, செல்வந்தனான பாக்கோவிடம் பணம் கேட்பதற்காகவே இவ்வேட்டையை ஏற்பாடு செய்திருக்கிறான். பாக்கோ மறுத்து விடுகிறான். லூயிஸோ மதுவில் தன்னை மறக்க முனைகிறான். பொழுது ஏற ஏற, பழைய நட்பின் மேற்பூச்சு உதிர்ந்து மனக்கசப்பு வெளிப்படுகிறது.

அப்பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் போர்க்களமாக இருந்த இடம். ஆயினும் எந்த யுத்தம் என்பது படத்தில் ஓரிடத்திலும் கூறப்படுவதில்லை. உள்நாட்டு யுத்தம் பற்றிய நேரடியான குறிப்புகளைத் தணிக்கையாளர்கள் அனுமதிக்காததால், பாத்திரங்கள் வெறுமனே ‘யுத்தம்’ என்று மட்டுமே பேசுகின்றனர். தணிக்கையின் இந்த நடவடிக்கை எதிர்மாறான விளைவையே தந்தது. ஒவ்வொரு வீட்டிலும் எந்த யுத்தத்தைப் பற்றிப் பேச அஞ்சினார்களோ, அதே யுத்தம்தான் திரையிலும் பெயரின்றி நடமாடுகிறது என்பதை உணர ஸ்பானிய மக்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பாக்கோவாக நடித்த அல்பிரடோ மாயோவின் தெரிவும் கவனத்துக்குரியது. பிராங்கோ புனைபெயரில் எழுதிய கதையை அடிப்படையாகக் கொண்டு 1942இல் வெளிவந்த ‘ராஸா’ திரைப்படத்தின் கதாநாயகன் அவரே. வெற்றியின் வீர முகமாக மக்கள் அறிந்திருந்த அதே முகத்தை, இருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னர் இரக்கமற்ற ஒரு பணக்காரனின் முகமாகச் சௌரா காட்டினார்.

வேட்டையாடப்படும் முயல்களும் நோயுற்றவை. அவற்றிடையே கொள்ளைநோய் பரவியிருக்கிறது. பள்ளத்தாக்கிலுள்ள குகையொன்றில் யுத்த காலத்து எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. ஹோசே அதனை எவருக்கும் அறிவிக்காமல் மறைத்து வைத்திருந்து, பாக்கோவுக்கு மட்டும் இரகசியமாகக் காட்டுகிறான். இறந்தவர் எத்தரப்பினர், எந்தத் தாயின் பிள்ளை என்ற கேள்விகளுக்குப் படம் பதில் தருவதில்லை. புதைக்கப்படாத அந்த எலும்புகளே படத்தின் மையம் எனின் மிகையாகாது.

இத்திரைப்படம் ஏனைய யுத்தப் படங்களிலிருந்து வேறுபடுவது இங்குதான். தோற்றவர்களின் துயரத்தை அது நேரடியாகச் சித்திரிக்கவில்லை. வென்றவர்களையே அது கூர்ந்து நோக்குகிறது. செய்தவற்றை வாய்விட்டுப் பேச முடியாத வெற்றியாளர்களுக்கிடையிலும் நம்பிக்கை நிலைப்பதில்லை. எதிரியை நோக்கிப் பிடித்துப் பழகிய துப்பாக்கி ஈற்றில் தோழனை நோக்கித் திரும்புகிறது. மூவரும் ஒருவரையொருவர் சுட்டு மாண்டு போக, என்ரிக்கே மட்டும் மூச்சிரைக்க ஓடுகிறான். அவன் ஓடும் நிலையிலேயே காட்சி உறைந்து நிற்க, படம் முடிவடைகிறது. தான் பிறக்காத காலத்துப் பகையின் சாட்சியாக எஞ்சும் இளந்தலைமுறை எங்கே ஓடும் என்ற வினாவே மிஞ்சுகிறது. 1966 பேர்லின் திரைப்பட விழாவில் சௌராவுக்குச் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருது கிடைத்தது.

அவ்வினாவுக்கான விடையை ஸ்பெயின் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. 1975இல் பிராங்கோ இறந்தார். 1977இன் பொதுமன்னிப்புச் சட்டம் அரசியல் கைதிகளை விடுவித்தது. அதே சட்டம் சர்வாதிகார ஆட்சிக் காலக் குற்றங்களுக்கான விசாரணைகளுக்கும் தடையாயிற்று. ஜனநாயகத்துக்கு அமைதியாகத் திரும்புவதற்கு அந்த விட்டுக்கொடுப்பு அவசியமெனப் பல கட்சிகளும் அன்று கருதின. ஆயினும் எலும்புகள் மண்ணுக்கடியிலேயே இருந்தன. 2000ஆம் ஆண்டில் பிரியாரான்சா தெல் பியேர்சோ என்ற கிராமத்தின் வீதியோரப் புதைகுழியிலிருந்து 13 பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அதற்கு வழிவகுத்தது, தனது பாட்டனாரைத் தேடிய பேரன் ஒருவரின் முயற்சியே. அதன் பின்னரே 2007இலும் 2022இலும் நினைவுகூரல் தொடர்பான சட்டங்கள் இயற்றப்பட்டன. 2019இல் பிராங்கோவின் உடல் அவரது பிரமாண்டமான நினைவாலயத்திலிருந்து அகற்றப்பட்டது. இவை ஒவ்வொன்றும் இன்றுவரை கடும் சர்ச்சைக்குரியனவாகவே உள்ளன.

2023 பெப்ரவரியில் சௌரா காலமானார். துப்பாக்கிகள் ஓய்வதை அரசுகள் ஒரு திகதியில் அறிவித்து விடலாம், விழாக்களும் எடுக்கலாம். குகைக்குள் கிடப்பவர் யாரெனக் கேட்டறிந்து, அவரை உரியவர்களிடம் ஒப்படைத்து, மரியாதையுடன் அடக்கம் செய்யும் வரை அந்தத் திகதிக்குப் பொருளில்லை. உள்நாட்டு யுத்தமொன்றைக் கடந்து வந்த எந்த மக்களுக்கும் ‘வேட்டை’ அந்நியமான படமாகத் தோன்றாது.