ஸ்கேனருக்கு ஊரெல்லாம் வேண்டாம், பக்கத்து டவர் போதும்

இன்னிக்கு நாம பேசப்போறது ரேடியோ ஸ்கேனர் பத்தி. அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ்காரங்க வயர்லெஸ்ஸில் பேசுறதை வீட்டில் இருந்தே கேட்கிற பழக்கம் பல வருஷமா இருக்கு. அங்கே இருக்கிற நேயர்களுக்கு இந்த எபிசோடு நேரடியா உதவும். மத்தவங்களுக்கு ஒரு பெரிய ரேடியோ நெட்வொர்க் உள்ளே என்ன நடக்குதுன்னு புரியும்.

சட்டத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்தியாவில் போலீஸ் வயர்லெஸ்ஸை அனுமதி இல்லாம ஒட்டுக்கேட்பது குற்றம். இங்கே முயற்சி பண்ணாதீங்க. அமெரிக்காவில், என்கிரிப்ட் செய்யாத அவசர சேவை ரேடியோவைக் கேட்க மத்திய சட்டம் அனுமதிக்குது. ஆனா நியூயார்க், ஃபுளோரிடா மாதிரி சில மாநிலங்களில் காருக்குள்ளே ஸ்கேனர் வைக்கக் கட்டுப்பாடு இருக்கு. உங்க மாநில விதியைப் பார்த்துக்கோங்க.

பிரச்சினை எங்கே?

புது ஸ்கேனர் வாங்கினவங்க முதல்ல செய்யறது, மாநிலத்தோட மொத்த சிஸ்டத்தையும் உள்ளே ஏத்துறது. நிறைய போட்டா நிறைய கேட்கும்னு ஒரு நினைப்பு. நடக்கிறது நேர்மாறு. ஸ்கேனர் ரொம்ப நேரம் அமைதியா இருக்கும். பக்கத்துத் தெருவில் தீப்பிடிச்சு வண்டிகள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பாதிப் பேச்சு காதில் விழும்.

காரணம் புரிய 'ட்ரங்கிங்' என்னன்னு தெரியணும். பேங்கில் டோக்கன் போர்டு பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு வேலைக்கும் தனி வரிசை கிடையாது. போர்டில் 'டோக்கன் 45, கவுண்டர் 3' என்று வந்ததும் அங்கே போவோம். ட்ரங்க் ரேடியோவும் அப்படித்தான். ஒரு சைட்டில் சில அலைவரிசைகள் பொதுவா இருக்கும். கன்ட்ரோல் சேனல்தான் அந்த போர்டு. எந்தக் குழு இப்போ எந்த அலைவரிசையில் பேசுதுன்னு அது சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தக் குழுவுக்குப் பேர் டாக்குரூப். ஸ்கேனர் போர்டைப் படிச்சு, சொன்ன அலைவரிசைக்குத் தாவும்.

இப்போ மிச்சிகன் மாநிலத்தை எடுத்துக்கோங்க. 83 கவுன்ட்டிகள். மாநிலம் முழுக்க ஒரே பி25 டிஜிட்டல் நெட்வொர்க், 200-க்கும் மேற்பட்ட டவர்கள். தெற்கே டெட்ராய்ட்டில் இருந்து வடக்கே மார்க்கெட்டுக்குச் சாலையில் 700 கிலோமீட்டருக்கு மேல். நீங்க டெட்ராய்ட் பக்கத்தில் ஆன் ஆர்பரில் இருந்தா, மார்க்கெட் டவரோட 800 மெகாஹெர்ட்ஸ் அலை உங்களை எட்டவே எட்டாது. ஆனா ஸ்கேனருக்கு அது தெரியாது. பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு சைட்டுக்கும் போய், 'போர்டு தெரியுதா?'ன்னு தேடிட்டு, இல்லைன்னு ஆனதும் அடுத்ததுக்குப் போகும். ஒரு சைட்டுக்கு அரை வினாடின்னு வெச்சாலும் 200 சைட்டுக்கு 100 வினாடி. தீயணைப்புக்கு விலாசம் சொல்லி முடிக்கப் பத்து வினாடி போதும். அந்தப் பத்து வினாடியில் உங்க ஸ்கேனர் எட்டாத டவரைத் தேடிக்கிட்டு இருக்கும்.

எப்படி வடிகட்டுவது?

யூனிடன் மாதிரி கம்பெனிகளோட புது மாடல்களில் இடத்தை வெச்சு வடிகட்டும் வசதி இருக்கு. ஜிப் கோடு கொடுக்கலாம் (ஆன் ஆர்பருக்கு 48104). இல்லைன்னா ஜிபிஎஸ் கருவியை மாட்டிடலாம். டேட்டாபேஸில் ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு மையமும் அதைச் சுத்தி ஒரு வட்டமும் குறிச்சிருப்பாங்க. உங்க இடம் அந்த வட்டத்துக்குள்ளே வந்தா சைட் ஆன், இல்லைன்னா ஆஃப். ரேஞ்சை 0-ல் வெச்சா, உங்களை உள்ளடக்கிய வட்டங்கள் மட்டும் வரும். ரேஞ்சைக் கூட்டக் கூட்ட அக்கம்பக்கமும் சேரும். முதல்ல 0-ல் ஆரம்பிச்சு, தேவைன்னா அஞ்சு அஞ்சு மைலாக் கூட்டுங்க.

ஆனா இந்த வட்டம் ஒரு தோராயக் கணக்குதான். நடுவில் மேடு இருக்கா, நீங்க அடித்தளத்தில் இருக்கீங்களா என்பதெல்லாம் அதுக்குத் தெரியாது. அதனால கையாலயும் சோதிச்சுப் பாருங்க. ஒவ்வொரு சைட்டையும் 'ஹோல்டு' பண்ணி, ஒரு நிமிஷம் சிக்னலைக் கவனிங்க. கன்ட்ரோல் சேனல் விடாம கிடைச்சா வெச்சுக்கோங்க. விட்டு விட்டு வந்தா 'அவாய்டு' போட்டுடுங்க. அதையே விரும்பும் பட்டியலில் தனியா சேமிச்சுட்டா, மாநிலப் பட்டியலைத் திரும்பத் தொடவே வேண்டாம்.

இரண்டு சிக்கல்கள்

முதல் சிக்கல்: ரொம்பக் குறைச்சுட்டாலும் ஆபத்து. டவர் பக்கத்தில் இருக்கிறதால மட்டும் உங்க ஊர்ப் பேச்சு அதில் வந்துடாது. பொதுவா, அந்தக் குழுவைச் சேர்ந்த ஒரு ரேடியோவாவது அந்த சைட்டில் பதிவாகி இருந்தாதான் அங்கே பேச்சு ஒலிபரப்பாகும். எல்லையில் குடியிருக்கிறவங்களுக்கு, ரெண்டு மைல் தள்ளி இருக்கிறது பக்கத்து கவுன்ட்டியோட டவரா இருக்கலாம். சொந்த ஊர் போலீஸ் வேற சைட்டில் இருக்கலாம். அதனால சொந்த கவுன்ட்டி சைட்டும், நல்லா எட்டுற அண்டை சைட் ரெண்டு மூணும் இருக்கட்டும். 'பக்கம்' என்பதை மேப்பை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. நமக்கு வேண்டிய பேச்சு எந்த சைட்டில் வருதுங்கிறதையும் பாருங்க.

இரண்டாவது, சைமல்காஸ்ட். சில இடங்களில் பல டவர்கள் ஒரே அலைவரிசையில் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்பும். பட்டியலில் அது ஒரே சைட்டாத்தான் தெரியும். ரெண்டு டவரோட சிக்னல் கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேர்ந்தா டிஜிட்டல் குரல் உடையும். சிக்னல் கம்பி முழுசாக் காட்டும், பேச்சு மட்டும் கரகரன்னு அறுந்து வரும். சைட்டைக் குறைச்சு இதைச் சரி பண்ண முடியாது. ஒரு டவரை மட்டும் நோக்கித் திருப்பின யாகி ஆன்டெனா உதவும். 2018-ல் வந்த எஸ்டிஎஸ்100 மாதிரி, இதுக்குன்னே வடிவமைச்ச ரிசீவரும் உதவும்.

சைட்டுகளைக் குறைச்ச பிறகு டாக்குரூப்பையும் குறைங்க. உள்ளூர் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ் அழைப்புகள் மட்டும் போதும். பனி அள்ளுற வண்டிகளும் பள்ளிப் பேருந்துகளும் அதே நெட்வொர்க்கில் பேசலாம். அதுங்க பேசிட்டு இருக்கும்போதும் முக்கியமான அழைப்பு தவறும். என்கிரிப்ட் செய்ததை எந்த ஸ்கேனராலும் திறக்க முடியாது. அதையெல்லாம் நீக்கிடுங்க.

கடைசியா ஒண்ணு. சூறாவளி எச்சரிக்கைக்கு ஸ்கேனர் பேச்சை நம்பி இருக்காதீங்க. அதுக்கு நோவா வானிலை ரேடியோ தனியா இருக்கு. 162.400-ல் இருந்து 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு சேனல்கள். அங்கேயும் இடத்தை வெச்சு வடிகட்டலாம். கவுன்ட்டிக்கு ஆறு இலக்க எண் ஒண்ணு உண்டு. ஆன் ஆர்பர் இருக்கிற வாஷ்டெனா கவுன்ட்டிக்கு 026161. அதைப் போட்டு வெச்சா, உங்க கவுன்ட்டிக்கு எச்சரிக்கை வரும்போது மட்டும் ரேடியோ அலறும். பல ஸ்கேனர்களிலேயே இந்த வசதி இருக்கு. இன்னிக்கு ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னே அதை முதல்ல செட் பண்ணிடுங்க. டவர் பட்டியலை நிதானமா வார இறுதியில் சரி பண்ணிக்கலாம்.