பெண்களின் வாய்மொழியும் ஓர் ஆதாரமே

சமூகப்பணி ஆய்வுக்காக வீடு தேடி வருவோர் பல கேள்விகள் கேட்பர்; பழைய கடதாசிகளையும் பார்ப்பர். இவை எவ்வகை ஆதாரங்கள் என்பதைச் சகோதரிகளாகிய நாமும் அறிந்திருத்தல் நன்று.

இரு வகைகள்

ஒன்றைக் கண்டவர், அனுபவித்தவர் கூறுவதும், அக்காலத்திலேயே எழுதப்பட்ட பதிவுகளும் முதல்நிலை ஆதாரங்கள் எனப்படும். பிறப்புச் சான்றிதழ், தோட்டத்துச் செக்ரோல், கடிதம் என்பன இதில் அடங்கும். பிறர் எழுதிய நூல்களும், பிறர் திரட்டிய புள்ளிவிபரங்களும் ஆய்வாளருக்கு இரண்டாம்நிலை ஆதாரங்களாகும்.

ஒவ்வொன்றிலும் குறையுண்டு. நுவரெலியாத் தோட்டமொன்றின் செக்ரோலில், ஒரு பெண்ணுக்கு எத்தனை நாள் பேர் விழுந்தது என்பது இருக்கும். அவளது சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிச் சென்றது அதில் இராது. அதை அவளே சொல்ல வேண்டும்.

கணக்கில் வராதவர்கள்

1977 கலவரத்தின் பின் மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறின. 2009 இல் முடிவடைந்த யுத்தம் அவர்களை மீண்டும் இடம்பெயரச் செய்தது. 2001 குடிசன மதிப்பீடோ 25 மாவட்டங்களில் 18 இல் மட்டுமே முழுமையாக நடைபெற்றது. வவுனியாவும் கிளிநொச்சியும் அப்பதினெட்டில் இல்லை. அந்த அறிக்கையை மட்டும் புரட்டும் ஆய்வாளரால் இக்குடும்பங்களின் நிலையை அறிய இயலாது. அங்கு வாழ்ந்த தாய்மாரின் வாய்மொழியே அக்குறையை நிரப்பும்.

1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. இத்தகைய விடயங்களில் பழைய தோட்டத்துப் பதிவொன்று எவ்வளவு பெறுமதியானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தல்

நினைவு சில வேளை தடுமாறும். திகதி மறந்தாலும், "மூத்தவள் பிறந்த வருஷம்", "கலவரத்துக்கு முந்திய பொங்கல்" என்று நாம் சொல்வதைப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டு நல்ல ஆய்வாளர் காலத்தைக் கணிப்பார். ஒரே ஆதாரத்தை நம்பி அவர் முடிவெடுக்கமாட்டார்.

நாம் செய்ய வேண்டியவை

- வருபவர் யார், தகவல் எதற்கு, நமது பெயர் வெளிவருமா என்பவற்றை முதலில் கேளுங்கள்.
- விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாதிருக்க உங்களுக்கு உரிமையுண்டு.
- மூலப் பத்திரங்களைக் கொடுக்காதீர்கள். போட்டோ பிரதி போதும்.
- வயதான தாய்மார் சொல்வதை ஒரு கொப்பியில், சொன்ன திகதியுடன் எழுதி வையுங்கள்.

பத்திரங்களை இழந்த குடும்பத்துக்கு அந்தக் கொப்பியே நாளை ஆதாரமாகலாம்.