எரிகுழிப் புகை: நெஞ்சுக்குள் எப்படிப் போகிறது, நீதிமன்றத்தில் எப்படி நிற்கிறது?

ஈர விறகை அடுப்பில் திணித்தால் அது எரியாது, புகையும். ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம். பொறுமை போய் ஒரு கரண்டி மண்ணெண்ணெய் ஊற்றினால் குப்பென்று பற்றி, கரும்புகை கூரையில் முட்டி, கொஞ்ச நேரத்தில் பழையபடி மூட்டமாகிவிடும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம் குப்பையைத் திறந்த குழியில் எரித்தபோது அமெரிக்க ராணுவம் செய்தது இதைத்தான். ஆனால் ஏக்கர் கணக்கில் செய்தது.

பாக்தாத்துக்கு வடக்கே பலாத் விமானத் தளத்தில் இருந்த எரிகுழி சுமார் 10 ஏக்கர். அங்கே உச்சகட்டத்தில் நாளொன்றுக்கு நூறு டன்னுக்கு மேல் குப்பை எரிந்தது. சாப்பாட்டு மிச்சம், பிளாஸ்டிக் பாட்டில், தெர்மோகோல் தட்டு, டயர், பெயின்ட் டப்பா, பேட்டரி, மருத்துவமனைக் கழிவு, மலம் எல்லாம் ஒரே குழியில். பற்றவைக்க ஊற்றியது ஜேபி-8 என்ற விமான எரிபொருள். அதுவும் மண்ணெண்ணெய் வகைதான்.

இதில் நெருப்பின் சூடு முக்கியம். ஒழுங்கான எரியூட்டி உலையில் 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்து, போதிய காற்று கொடுத்து எரிப்பார்கள். அந்தச் சூட்டில் பெரும்பாலான நச்சு மூலக்கூறுகள் உடைந்துபோகும். திறந்த குழியில் மேலே தீ, அடியில் ஈரக்குப்பை, நடுவில் காற்றே போகாத இடம். பிவிசி பிளாஸ்டிக்கில் உள்ள குளோரின் இந்த அரைச்சூட்டில் டையாக்சினாக மாறும். முழுதாக எரியாத கரி நுண்துகளாகக் கிளம்பும். பேட்டரியிலும் பெயின்டிலும் இருக்கும் உலோகங்கள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரிகிற கரி பெரிய துகள். கண்ணை எரிக்கும், இருமலும் சளியுமாக வெளியே வந்துவிடும். கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் மூக்கின் வடிகட்டலைத் தாண்டி நுரையீரலின் கடைசிக் கிளைகள்வரை போகின்றன. அங்கே அழற்சி, ஆறினால் தழும்பு. இரண்டு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத மூச்சுக் குழாய்கள் தழும்பால் உட்புறமாக இறுகிப்போவதற்கு கன்ஸ்ட்ரிக்டிவ் பிராங்கியோலைட்டிஸ் என்று பெயர். ஒருமுறை இறுகியது திரும்ப விரிவதில்லை.

இந்த நோயின் விஷமம், வழக்கமான பரிசோதனைக்கு அகப்படாதது. வேன்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சு வாங்குகிறது என்று வந்த 80 ராணுவத்தினரில் 49 பேருக்கு நுரையீரல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். 38 பேருக்கு இந்த நோய். அவர்களில் பெரும்பாலோரின் எக்ஸ்ரேயும் மூச்சு அளவும் இயல்பாகவே இருந்தன. அவர்களில் பலர் 2003-இல் மோசுல் அருகே கந்தகச் சுரங்கம் எரிந்தபோது அந்தப் புகையிலும் இருந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பாலைவனப் புழுதி, டீசல் புகை, கந்தகம், எரிகுழி: எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

நோய் வந்த படைவீரர்கள் உதவி கேட்டபோது சிக்கியது இங்கேதான். முப்பது வருஷம் அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு மூச்சுத் திணறல் வந்தால், எந்த வருஷத்து எந்த விறகு என்று யாராவது கேட்பார்களா? அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை கிட்டத்தட்ட அப்படித்தான் கேட்டது. நோய் இருக்கிறது என்று காட்டு, புகையில் நின்றதைக் காட்டு, அந்தப் புகையால்தான் இந்த நோய் என்று மருத்துவர் எழுதியதைக் காட்டு. குழியிலிருந்து எத்தனை அடியில் யார் தூங்கினார்கள் என்று ராணுவம் குறித்துவைக்கவில்லை. 2020-இல் நாடாளுமன்றக் குழு முன் துறை அளித்த கணக்குப்படி, எரிகுழி தொடர்பான கோரிக்கைகளில் நான்கில் மூன்றுக்கு மேல் நிராகரிக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு தேசிய அறிவியல் அகாதெமிகளின் குழுவும் தீராத இருமல், இளைப்பு, மூச்சுத் திணறல் தவிர மற்ற சுவாச நோய்களுக்குச் சான்று போதவில்லை என்றுதான் எழுதியது.

நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. பணியின்போது நேர்ந்த பாதிப்புக்கு ராணுவத்தினர் அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்று 1950-இல் ஃபெரெஸ் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆகவே முகாம்களில் ஒப்பந்தப் பணி செய்த கேபிஆர் நிறுவனத்தின் மேல் போட்டார்கள். அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் மேரிலாந்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. குப்பையை எரிப்பது என்று முடிவெடுத்தது ராணுவம், ராணுவத்தின் போர்க்கால முடிவை நீதிமன்றம் எடைபோட முடியாது என்று தள்ளுபடி. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. அரசைத் தொட முடியாது, ஒப்பந்தக்காரரைத் தொட்டால் அரசின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். சாமர்த்தியமான ஏற்பாடு!

2022 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட பேக்ட் சட்டம், சான்றைத் தேடுவதை விட்டுவிட்டுக் கேள்வியையே மாற்றியது. அந்த அடுப்படியில் இருந்தாயா, இந்த நோய் வந்திருக்கிறதா, அது போதும் என்றது. சட்டப் பேச்சில் இது அனுமானம். 1990 ஆகஸ்ட் 2-க்குப் பிறகு ஈராக், குவைத், சவூதி போன்ற நாடுகளிலோ, 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு ஆப்கானிஸ்தான், சிரியா, ஜோர்டான் போன்ற நாடுகளிலோ பணி செய்திருந்தால், புகையில் நின்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். பட்டியலில் உள்ள நோய் இருந்தால் காரணத்தை நிரூபிக்க வேண்டாம். பணிக்குப் பிறகு வந்த ஆஸ்துமா, சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் நார்த்திசு நோய், மூளை, கணையம், சிறுநீரகம் உள்ளிட்ட பல புற்றுநோய்கள் அதில் உண்டு. 2025 ஜனவரியில் ரத்தப் புற்றுநோய்களும் சேர்ந்தன. கிடைப்பது நீதிமன்ற இழப்பீடு அல்ல. பாதிப்பின் சதவீதத்தைப் பொறுத்த மாத உதவித்தொகையும் சிகிச்சையும்தான். யாரும் குற்றவாளி ஆகவில்லை. ஆனாலும் 2024 மே மாதத்துக்குள் பத்து லட்சம் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. அறிவியல் முடிவு சொல்லும்வரை காத்திருந்தால் கேட்டவர்களில் பலர் செத்திருப்பார்கள் என்பதால், சட்டம் முந்திக்கொண்டது சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் இந்தச் சட்டம் அமெரிக்கப் படையினருக்கு மட்டும். அந்த முகாம்களில் சமைத்ததும், துணி துவைத்ததும், துப்புரவு செய்ததும் பெரும்பாலும் துணை ஒப்பந்ததாரர்கள் கூட்டிவந்த இந்திய, இலங்கை, நேபாள, பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள். அவர்களுக்கு இருப்பது 1941-இல் வந்த டிஃபென்ஸ் பேஸ் சட்டம். எந்த நாட்டவராக இருந்தாலும் அது பொருந்தும். முதலாளியின் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்ட வேண்டும், கோரிக்கை அமெரிக்கத் தொழிலாளர் துறைக்குப் போகும். தொழில் வழி வந்த நோய் என்றால், வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி முகாம் வேலைக்குப் போய் வந்து இன்று மூச்சுக்குத் திணறுபவர் இருந்தால், வேலை ஒப்பந்தத்தையும் முகாம் அடையாள அட்டையையும் தேடி எடுத்து வையுங்கள். எங்கே வேலை பார்த்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லி மருத்துவச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.